ஆகஸ்டில் எழுதிக் கொடுத்த ஊசி

2023 நவம்பர் 20, திங்கட்கிழமை. ஜிஎஸ்டி தாக்கல் செய்யக் கடைசி நாள். மதியம் மூன்று மணிக்கு அலுவலகத்தில் நான் நன்றாகத்தான் இருந்தேன். நாலேகால் வாக்கில் குளிர ஆரம்பித்தது. ஏசியைக் குறைக்கச் சொன்னேன். ஐந்து மணிக்கு இடுப்பிலிருந்து தொடை வரை அடித்துப் போட்ட மாதிரி வலி. கண்ணை இப்படி அப்படித் திருப்பினாலே கண்ணுக்குப் பின்னால் வலித்தது. கிண்டியில் ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கியவள், மேம்பாலப் படியில் பாதி ஏறியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 103.

சாதாரணச் சளி இப்படி வராது. முதல் நாள் தொண்டை கரகரக்கும், மறுநாள் மூக்கு ஒழுகும், அப்புறம் லேசாக உடம்பு சுடும். ஃப்ளூ வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எந்த நாள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று சொல்லிவிடுவார்கள். இந்த ஒரு வித்தியாசம் முன்பே தெரிந்திருந்தால் அந்த வாரத்தை நான் வேறு மாதிரி நடத்தியிருப்பேன்.

எனக்கு எப்படி வந்தது என்பதும் தெரியும். தீபாவளி முடிந்து பள்ளி திறந்த வாரக் கடைசியில் மகன் இருமிக்கொண்டு வந்தான். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. அந்த வயதில் அப்படித்தான் போகும் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, வழக்கமாகச் செய்கிற தவறைச் செய்தேன். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மூன்று நாள் ஆன்டிபயாடிக் வாங்கி வரச் சொன்னேன். மருந்துச் சீட்டெல்லாம் யாரும் கேட்கவில்லை. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று பள்ளியில் படித்தவள்தான் நான். ஆனால் 103 டிகிரி காய்ச்சலில் படுத்திருக்கும்போது எதையாவது விழுங்கினால்தான் மனசு ஆறுகிறது. மறுநாள் டாக்டர் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார். மழைக்காலம் என்பதால் டெங்குவுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அது இல்லை என்று உறுதியாகும்வரை பாரசிட்டமால் தவிர வேறு எந்த வலி மாத்திரையும் கூடாது என்றார். டெங்குவாக இருந்தால் புரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரியானவை ரத்தக் கசிவை அதிகப்படுத்தும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் வந்தால் இதை மறக்கவே கூடாது.

டெங்கு இல்லை. "ஃப்ளூதான், தண்ணி நெறையக் குடிங்க, ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார். மூச்சுத் திணறல் இல்லாத, வேறு நோய் இல்லாத ஆளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை, சரிதான். ஆனால் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா இருந்தார். 73 வயது. பதினெட்டு வருடமாகச் சுகர். அந்த மூன்று நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியிலும் கழுத்திலும் தைலம் தேய்த்துவிட்டு, கஞ்சியை ஆற்றிக் கொடுத்து, நான் குடித்து வைத்த டம்ளரைக் கழுவி வைத்தது அவர்தான். ஃப்ளூ வந்தவரிடமிருந்து, காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலிருந்தே மற்றவர்களுக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். அப்புறம் ஐந்து, ஏழு நாள் வரை தொற்றிக்கொண்டிருக்கும். முதல் மூன்று நான்கு நாள்தான் மோசம். சரியாக அந்த நாட்களில்தான் அம்மா என் தலைமாட்டில் இருந்தார். கொரோனா சமயத்தில் வாங்கிய முகக்கவசப் பெட்டி பீரோ மேலேயே இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை. "ஃப்ளூதானே" என்கிற அந்த "தானே"தான் காரணம்.

வியாழக்கிழமை காலை அம்மா காபியைத் தொடவில்லை. அறுபது வருடமாகக் காலைக் காபியைத் தள்ளி வைக்காதவர். நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் என்னைச் சித்தியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காய்ச்சல் பார்த்தேன், 99.6. பெரிதாக ஒன்றுமில்லையே என்றுதான் முதலில் நினைத்தேன். வயதானவர்களுக்குக் காய்ச்சல் ஏறாமலேயே நோய் முற்றும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சோர்வு, சாப்பிடாமை, குழப்பமான பேச்சு, தடுமாற்றம், இவைதான் அவர்கள் விஷயத்தில் காய்ச்சல் மாதிரி.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கிற பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் பேட்டரி செத்துப் போயிருந்தது. மகன் டிவி ரிமோட்டிலிருந்து கழற்றிக் கொடுத்தான். அம்மாவின் ஆள்காட்டி விரலில் மாட்டினேன். 91. தீபாவளிக்கு வைத்த மருதாணி நகத்தில் இன்னும் சிவந்திருந்தது, அதனால் தப்பாகக் காட்டுகிறதோ என்று கையைத் தேய்த்துச் சூடாக்கி நடுவிரலில் மாட்டினேன். 90. என் விரலில் மாட்டிப் பார்த்தேன், 97. மிஷின் சரியாகத்தான் இருந்தது. அந்தச் சின்னத் திரையில் சிவப்பு எண்கள் 90க்கும் 91க்கும் இடையில் மாறி மாறி மினுக்கிக்கொண்டிருந்ததை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குச்சி விட்டுச் சாம்பிள் எடுத்தார்கள். இன்ஃப்ளூயன்சா ஏ, ஃப்ளூவின் ஒரு வகை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா. சுகர் 380. முடிவு வருவதற்கு முன்பே ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரையை ஆரம்பித்துவிட்டார்கள். நோய் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதற்கு முழுப் பலன் என்பதால், ஆபத்தில் இருப்பவர்களுக்கு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க மாட்டார்களாம். ஆறு நாள் ஆக்ஸிஜன், இன்சுலின், டிரிப்ஸ். பில் 1,12,000 ரூபாய். அதில் இன்ஷூரன்ஸ் போக மீதியை நகைக்கடனில் சமாளித்தோம்.

சேர்த்த அன்று சாயங்காலம் டியூட்டி டாக்டர், சின்னப் பெண், ஃபைலை எழுதிக்கொண்டே கேட்டார். "அம்மாவுக்கு ஃப்ளூ வேக்சின் போட்டிருக்கீங்களா?"

"இல்லை."

அவர் "இல்லை" என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். குற்றம் சொல்கிற தொனியே இல்லை. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

ஏனென்றால் அந்த வருடம் ஆகஸ்டில் அம்மாவின் சுகர் டாக்டர் மருந்துச் சீட்டின் கடைசி வரியில் அந்த ஊசியை எழுதிக் கொடுத்திருந்தார். மழைக்கு முன்னால் போட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். மாத்திரைகளையெல்லாம் வாங்கினேன், அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். மறந்துபோய் விடவில்லை. யோசித்து, சந்தேகப்பட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

என் சந்தேகங்கள் வானத்திலிருந்து விழவில்லை. அம்பத்தூரில் இருக்கும் நாத்தனார் அந்த ஊசி போட்டுக்கொண்டு இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தார். வருடா வருடம் போடச் சொல்கிறார்களே, வியாபாரமா என்றும் தோன்றியது. போட்டாலும் பாதிப் பேருக்குத்தான் பலிக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். எல்லாவற்றுக்கும் கீழே இன்னொன்று இருந்தது. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பில் விழுந்து அதற்கடுத்த நாள் இறந்துபோனாரே, அதை நம்மில் யாரால் மறக்க முடிந்தது? மரம் நடச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷர். ஊசியால் அல்ல என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள். பின்னால் விசாரித்த மத்திய அரசின் குழுவும் அதையே சொன்னது. செய்தியைப் படித்தேன், புத்திக்குப் புரிந்தது. ஆனால் அம்மாவின் கையில் ஊசி என்று நினைத்தாலே அந்த ஏப்ரல்தான் முன்னால் வந்து நிற்கும். இந்தப் பயத்தை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது பதில் சொல்லியிருப்பார்கள்.

அம்மா நவம்பர் 29 வீட்டுக்கு வந்தார். டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர், இரண்டரை நாள் கரண்ட் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த இன்சுலின் ஃபிரிட்ஜில் இருந்தது. போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் பேனா அறை வெப்பத்தில் ஒரு மாதம் தாங்கும், பிரிக்காததைத்தான் காப்பாற்ற வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். மண்பானைக்குள் சின்னப் பாத்திரத்தை வைத்து, அதில் இன்சுலினை வைத்து, சுற்றி ஈரத் துணி போட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்தோம். அம்மா சொல்லச் சொல்ல மகன் செய்தான். மருந்துக்குக் குளிர்ச்சி எவ்வளவு முக்கியம் என்பது அந்த இரண்டரை நாளில் மண்டையில் ஏறியது. ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், ஃப்ளூ ஊசியும் 2 முதல் 8 டிகிரிக்குள்தான் இருக்க வேண்டும். பிறகு ஊசி போடும் இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, கரண்ட் போனால் உங்கள் ஃபிரிட்ஜ் என்ன ஆகும் என்பதுதான்.

ஜனவரியில் சுகர் டாக்டரிடம் போனபோது எல்லாச் சந்தேகத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். எட்டு இருந்தது. கூட்டம் குறைந்த பிறகு கடைசியாக வரட்டுமா என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன். இருபது நிமிடம் பேசினார். இதை எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்: சந்தேகத்தை எழுதிக்கொண்டு போங்கள். வாயால் கேட்டால் டாக்டரின் அவசரத்தில் நாம் பாதியை விழுங்கிவிடுகிறோம்.

நாத்தனாருக்கு வந்த காய்ச்சல் பற்றிக் கேட்டேன். இங்கே வழக்கமாகப் போடும் ஊசியில் இருப்பது உயிரில்லாத வைரஸ், அதனால் ஃப்ளூவை உண்டாக்க முடியாது என்றார். ஊசி போட்ட இடத்தில் வலி, ஒரு நாள் இரண்டு நாள் லேசான காய்ச்சல், உடம்பு வலி வரலாம். எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும், அந்த இடைவெளியில் உண்மையான ஃப்ளூவே வந்து, ஊசியால் வந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. தவிர, மழைக்காலத்தில் சளி பிடிக்க வைக்கும் வைரஸ்கள் எத்தனையோ. இந்த ஊசி ஃப்ளூவுக்கு மட்டும்தான். "ஊசி போட்டேன், ஆனாலும் சளி பிடித்தது" என்பது அதனால் ஆச்சரியம் இல்லை.

வருடா வருடம் ஏன்? அந்த வைரஸ் தன் மேல்தோற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருக்கும், நம் உடம்பில் வந்த எதிர்ப்புச் சக்தியும் மாதங்கள் போகப் போகக் குறையும். உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வடக்கு அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தெற்கு அரைக்கோளத்துக்கும், எந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று அறிவிக்கிறது. நம் நாட்டில் இரண்டும் கிடைக்கும். எது புதிதோ அதைப் போடுங்கள், பெட்டியில் எந்த வருடத்துக்கானது, காலாவதி எப்போது என்று பாருங்கள் என்றார்.

"பாதிதான் பலிக்கும்" என்பதை அவர் மறுக்கவில்லை. வைரஸும் ஊசியும் நன்றாகப் பொருந்திய வருடங்களில் டாக்டரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருவது 40 முதல் 60 சதவீதம் வரை குறைகிறது, வயதானவர்களுக்கு அதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம் என்றார். எனக்கு அது உறைத்தது. அம்மாவுக்கு அந்தக் குறைந்த பலன் போதுமா என்று கேட்டேன். "உங்க அம்மாவுக்கு ஃப்ளூ வராம இருக்கிறதவிட, வந்தா ஆக்ஸிஜன் வரைக்கும் போகாம இருக்கிறதுதான் முக்கியம்" என்றார். அதோடு ஃப்ளூ நுரையீரலோடு நிற்பதில்லை. 2018இல் வெளிவந்த ஒரு கனடா ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் வாரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடியிருந்தது. ஊசியால் மாரடைப்பு வருமோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு, நோயாலேயே அது வரலாம் என்பது புதிது.

கடைசியாக, நானே தேடிப் படித்துப் பயந்த ஒன்று. 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் என்கிற ஒரு வகை ஃப்ளூவுக்கு அவசரமாக ஊசி போட்டபோது சிலருக்கு நரம்பு பாதித்துக் கைகால் செயலிழந்தது. கியான்-பாரே என்று பெயர். அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். அதைச் சொன்னால் கோபப்படுவாரோ என்று தயங்கினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: உண்மைதான், அன்று சுமார் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாக வந்தது. இப்போதைய ஊசிகளில் அப்படி ஏதாவது இருந்தால் பத்து லட்சத்தில் ஒருவர், இருவர் அளவுதான். ஃப்ளூ நோய்க்குப் பிறகும் அதே பாதிப்பு வரும். முன்பு ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் அந்த நோய் வந்தவர்கள், ஊசிக்குக் கடுமையான அலர்ஜி வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. அன்றைக்குக் கடும் காய்ச்சல் இருந்தாலும் தள்ளிப் போட வேண்டும். என் கேள்வியை அவர் ஒதுக்கித் தள்ளாமல் எண்ணைச் சொன்னாரே, அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இத்தனையும் நான் கேட்டுக்கொண்டிருக்க, அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முட்டையில பண்றதாமே, டாக்டர்?" அம்மா சுத்த சைவம். முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொட மாட்டார். ஆகஸ்டில் அவர் ஏன் என்னை ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தவில்லை என்பது அப்போது விளங்கியது. பெரும்பாலான ஃப்ளூ ஊசிகளுக்கு வைரஸை முட்டையில்தான் வளர்க்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அம்மா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, மருந்துக்கு தோஷமில்லை" என்று எழுந்தார். யாருக்காகச் சந்தேகப்படுகிறோமோ அவரிடமும் கேட்க வேண்டும். நான் கேட்கவே இல்லை.

2024 செப்டம்பர் முதல் வாரம் நால்வரும் போட்டுக்கொண்டோம். வட இந்தியாவில் பல ஊர்களில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஃப்ளூ உச்சம். சென்னை, வேலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பர். அதனால் நமக்கு செப்டம்பர்தான் கணக்கு. நான்கு பேருக்கும் 7,000 ரூபாய்க்கு மேல் ஆனது. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லாததால் கைக்காசுதான். இது எனக்கு உண்மையான வருத்தம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கும் சுகர் இருக்கிறது, அவருக்கு இந்த விலை ஒரு மாத அரிசி. அவருக்கும் சேர்த்துப் போட்டோம். கையில் ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், வீட்டில் வயதானவர், சுகர், இதயம், ஆஸ்துமா உள்ளவர் முதலில். அடுத்து அவரைக் கவனித்துக்கொள்பவர். நிமோனியாவுக்கான இன்னொரு ஊசியையும் டாக்டர் அம்மாவுக்குத் தனியாக எழுதினார்.

அம்மாவுக்குக் கை மட்டும் ஒரு நாள் வலித்தது. எனக்கு அன்று ராத்திரி உடம்பு முறித்தது, காலையில் சரியாகிவிட்டது.

அந்த டிசம்பரில் எனக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. 101, இரண்டு நாள். ஃப்ளூவா இல்லையா, பரிசோதனை செய்யவில்லை. ஊசியால்தான் குறைவாகப் போனது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்த முறை முதல் மணி நேரத்திலேயே முகக்கவசம் போட்டு மாடி அறைக்குப் போய்விட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். அம்மாவை உள்ளே விடவில்லை. மிளகு ரசம் வாசல்படி வரை வந்தது, தைலம் நானே தேய்த்துக்கொண்டேன். சுகர் டாக்டருக்கு உடனே போன் செய்தேன். அம்மாவுக்கு லேசாகத் தொண்டை கட்டினாலும் அன்றே வரச் சொன்னார். வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ உறுதியானால், ஆபத்தில் இருப்பவருக்கு ஓசெல்டாமிவிர் மாத்திரையை முன்கூட்டியே கொடுக்கிற வழியும் உண்டு என்றார். போன வருடமே இந்த ஒரு போனைச் செய்திருக்கலாம். அம்மாவின் விரலில் காலையும் மாலையும் ஆக்ஸிமீட்டர் வைத்துப் பார்த்தான் மகன். 97, 96, 97 என்று காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதி வைத்தான். அம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அப்போது ஐந்தாம் மாதம். மகப்பேறு டாக்டர் இதே ஊசியை எழுதியிருப்பதாகவும், மாமியார் வேண்டாம் என்கிறார் என்றும் சொல்லிக்கொண்டு வந்தாள். "நீங்க என்ன சொல்றீங்க அக்கா?" என்று கேட்டாள். நான் சொல்வதைவிட அவள் டாக்டரைக் கேட்பதுதான் சரி என்று தோன்றியது. என் எட்டுக் கேள்வித் தாளை ஃபைலிலிருந்து எடுத்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவள் அதைக் காட்டினாள். எட்டுக்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒன்பதாவதாக ஒன்று இருந்தது: பிறக்கிற குழந்தைக்கும் பாதுகாப்பு கிடைக்குமா? பக்கத்தில் டாக்டர் சொன்னதையும் எழுதியிருந்தாள். கிடைக்கும், முதல் சில மாதம், தாயிடமிருந்து. குழந்தைக்கு ஆறு மாதம் முடியும்வரை இந்த ஊசியைப் போட முடியாது.